மாமாவோடுதானே இருக்கிறான், அதில் என்ன தப்பு?

சேர்வராயன் மலையில், ஏற்காடு டவுனைத் தாண்டி உள்ளே போக வேண்டிய ஒரு சிற்றூரிலிருந்து வந்த கடிதம் இது. கோடு போட்ட பேப்பரில் நான்கு பக்கம். எழுதியவர் காபி எஸ்டேட்டில் தினக்கூலி, மகள் ஆறாவது படிக்கும் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். பெயர், ஊர், எஸ்டேட், பட்டறை எதையும் நான் இங்கே சொல்லப் போவதில்லை. இரண்டு மூன்று விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். அவர் கேட்டுக்கொண்டார் என்பதற்காக மட்டுமல்ல, இந்த நிலையில் இருக்கும் பிள்ளையின் அடையாளத்தை வெளியே சொல்வது இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி குற்றம்.

விஷயம் இதுதான். அவருடைய அண்ணன் போன செப்டம்பரில் எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரத்தில் ஏறி நிழல் கிளைகளை வெட்டிக் கழிக்கும்போது விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. அவசரத்துக்குத் தனியார் மருத்துவமனை, கையில் இருந்தது, காதில் கழுத்தில் இருந்தது எல்லாம் போனது. தீபாவளி முடிந்த வாரம் அண்ணியின் தம்பி சேலத்திலிருந்து வந்தார். அவர் அங்கே ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பல வருடமாக வேலை பார்க்கிறார். பட்டறை முதலாளி அவர் மூலமாக 40,000 ரூபாய் முன்பணம் கொடுத்து, இருபது ரூபாய்ப் பத்திரத்தில் ‘பையன் இரண்டு வருஷம் வேலை செய்து கழிப்பான்’ என்று எழுதி அண்ணனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பையன் எட்டாம் வகுப்பு. வரும் ஜூனில் 14 முடிகிறது. பொங்கலுக்கு மூன்று நாள் ஊருக்கு வந்தவன், சாப்பிட உட்கார்ந்ததும் சோறு பிசைந்தால் விரல் எரிகிறது என்று ஸ்பூன் கேட்டிருக்கிறான். அந்த வீட்டில் ஸ்பூனில் சாப்பிட்டவர்கள் யாருமில்லை. அப்போதுதான் கடிதம் எழுதிய அத்தை அவன் கையைத் திருப்பிப் பார்த்திருக்கிறார்.

அவருடைய கேள்விகள்: சொந்த மாமாவோடு இருப்பதால் சட்டப்படி தப்பில்லை என்கிறார்களே, உண்மையா? 14 முடிந்துவிட்டால் அப்புறம் வேலைக்கு விடலாமாமே? மகளிர் குழுவில் லோன் எடுத்து மிச்சப் பணத்தைக் கட்டி மீட்டுவிடவா? குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொன்னால் அண்ணனையும் அண்ணியையும் உள்ளே வைத்துவிடுவார்களா? பள்ளியில் பெயரை எடுத்துவிட்டார்கள், பிறப்புச் சான்றிதழும் இல்லை, இனி சேர்ப்பார்களா? கடைசியாக ஒன்று. ஜனவரி 26 கிராம சபையில் ‘பிள்ளைகள் பள்ளிக்குப் போக வண்டி வேண்டும்’ என்று எழுந்து சொன்னபோது சிரித்தார்களாம். ஒரு பெரியவர், “முதல்ல நாடு முன்னேறட்டும், ரோடு வரட்டும், அப்புறம் பிள்ளைங்களுக்குத் தானா வரும்” என்றாராம்.

சகோதரி, நீங்கள் கேட்டது ஆறு கேள்வி. நான் வரிசை மாற்றிப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு உங்கள் கடிதத்தில் முதலில் கண்ணில் பட்டது நீங்கள் கேட்காத ஒன்று.

அந்த 40,000 யார் கட்ட வேண்டிய பணம்?

உங்கள் அண்ணன் எஸ்டேட் வேலையில், எஸ்டேட் மரத்தில் ஏறி விழுந்தார். வேலை செய்யும்போது விபத்து நடந்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது நேற்று வந்த சட்டமில்லை, 1923-லிருந்து இந்த நாட்டில் இருக்கிறது. தினக்கூலி என்பதாலோ, மஸ்டர் ரோலில் (வருகைப் பதிவேட்டில்) கையெழுத்து இல்லை என்பதாலோ அந்த உரிமை தானாகப் போய்விடாது. வேலை செய்ததை நிரூபிப்பது கொஞ்சம் சிரமம், அவ்வளவுதான். கூட வேலை செய்தவர்கள் சாட்சி சொன்னால் அது உதவும். நீங்கள் நான்கு பக்கத்தில் எஸ்டேட்காரர் என்ன கொடுத்தார் என்று எழுதவே இல்லை, தேடிப் பார்த்தேன், மூன்றாம் பக்க ஓரத்தில் ‘ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துட்டு 2,000 குடுத்தாங்க’ என்று ஒரு வரி இருந்தது. அவ்வளவுதானா?

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 40,000 ரூபாயை இரண்டு வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 1,666. மாதம் 26 நாள் வேலை என்று வைத்தால் நாளுக்கு 64 ரூபாய். அதாவது ஒரு பெரிய மனிதர் கட்ட வேண்டிய இழப்பீட்டை, 13 வயதுப் பையன் ஒருவன் நாளுக்கு 64 ரூபாய் வீதம் தன் விரலால் கட்டிக்கொண்டிருக்கிறான். நான் இதைக் கோபத்தில் சொல்லவில்லை (கொஞ்சம் கோபம் உண்டு). உங்கள் அண்ணனைக் குற்றவாளியாக நினைத்து நீங்கள் எழுதியிருப்பதால் சொல்கிறேன். ‘பெத்த பிள்ளையை வித்துட்டான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் படுக்கையில் இருந்தார், வட்டிக்காரன் வாசலில் இருந்தான். இழப்பீடு கேட்க இரண்டு வருடம் அவகாசம் உண்டு, இன்னும் காலம் போகவில்லை. பையனை மீட்கும் வேலையோடு சேர்த்து இதையும் தொடங்குங்கள், இல்லாவிட்டால் அவன் வீட்டுக்கு வந்த மூன்றாவது மாதம் இன்னொரு பத்திரம் எழுதப்படும்.

குழு லோன் விஷயத்தில் என் பதில் சுருக்கமானது: வேண்டாம். கடனுக்கு ஈடாக ஆளின் உழைப்பை எழுதி வாங்குவது கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம், 1976 தடை செய்த விஷயம். அது கொத்தடிமைக் கடன் என்று முடிவானால் திருப்பிக் கட்டும் பொறுப்பே இல்லாமல் போய்விடும், அதற்கு மேல் அந்தக் கடனுக்கு முதலாளி ஒரு ரூபாய் வாங்கினாலும் அது தனிக் குற்றம். அப்படிப்பட்ட பணத்தைக் கட்ட நீங்கள் பதினைந்து பெண்களைக் கடன்காரர்கள் ஆக்கப் போகிறீர்கள். அந்தப் பத்திரத்துக்கு மதிப்பு இருப்பதாக நினைத்துப் பயப்படுகிறீர்கள். 13 வயதுப் பிள்ளை ஒப்பந்தம் செய்ய முடியாது, அவன் உழைப்பை அடகு வைக்க அப்பாவுக்கும் உரிமை கிடையாது. நீதிமன்றத்தில் அந்தப் பத்திரம் முதலாளிக்கு உதவாது, நமக்குத்தான் உதவும், ஏனென்றால் அவரே கைப்பட எழுதிக் கொடுத்த சாட்சி அது. தயவுசெய்து அதன் நகலையோ போட்டோவையோ பத்திரமாக வையுங்கள்.

மாமா குடும்பம்தான், பட்டறை குடும்பம் அல்ல

ஊரில் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதுதான் சிக்கல். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. 2016-இல் பெரிதாகத் திருத்தினார்கள். அதற்கு முன்னால் குறிப்பிட்ட சில தொழில்களில்தான் தடை இருந்தது. இப்போது 14 வயது முடியாத பிள்ளையை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது. ஆனால் ஒரு விதிவிலக்கு வைத்தார்கள்: பள்ளி நேரம் போக, விடுமுறையில், ஆபத்தில்லாத வேலையில் குடும்பத்துக்கு உதவலாம். அந்தக் ‘குடும்பம்’ யார் என்று சட்டமே பட்டியல் போடுகிறது: அம்மா, அப்பா, கூடப் பிறந்தவர்கள், அப்பாவின் கூடப் பிறந்தவர்கள், அம்மாவின் கூடப் பிறந்தவர்கள். ஆக மாமாவும் உண்டு, அத்தையான நீங்களும் உண்டு. இந்த விதிவிலக்கை வைத்தபோதே குழந்தை உரிமைக்காரர்கள் கத்தினார்கள், இது ஒரு நாள் ஓட்டையாகும் என்று. ஆகிவிட்டது.

ஆனால் 2017-இல் திருத்திய விதிகளைப் படித்தால் ஓட்டை சின்னது என்று தெரியும். அந்தத் தொழில் குடும்பத்தின் பொறுப்பில் நடக்க வேண்டும். இங்கே பட்டறை மாமாவுடையது இல்லை, அவரே அங்கே கூலி. சரி, பட்டறை மாமாவுடையதாகவே இருக்கட்டும், அப்போதும் நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணி வரை கூடாது. பள்ளி நேரத்தில் கூடாது. பெரியவர் செய்ய வேண்டிய வேலைக்குப் பதிலாக அவனை உட்கார வைக்கக் கூடாது. வருமானம் தரும் உற்பத்தி வேலையில் எந்தக் கட்டத்திலும் கூடாது. உங்கள் மருமகன் காலை எட்டரை முதல் இரவு ஒன்பது வரை கண்ணி கோர்க்கிறான், பற்ற வைக்கும் இடத்தில் பக்கத்தில் உட்காருகிறான், ஆசிட்டில் அலசுகிறான். இதில் எந்த வரியை எடுத்து ‘உதவி’ என்று சொல்வது?

நான் சேலத்துக்காரன், வக்கீல். செவ்வாய்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் அந்தத் தொழிலை நம்பிச் சோறு தின்னும் குடும்பங்களை எனக்குத் தெரியும், என் கட்சிக்காரர்களில் பாதி அவர்கள். இந்த ஊர்க் கொலுசு போகாத மாநிலம் இல்லை. தொழிலைப் பழித்துப் பேச எனக்கு மனம் வராது. வியாபாரி வெள்ளியைக் கொடுத்து எடைக் கணக்கில் கூலி தரும்போது, அந்தக் கூலி பல வருடமாக ஏறாமல் இருக்கும்போது, சின்னப் பட்டறைக்காரர் மலிவான கை தேடுகிறார் என்பதும் புரிகிறது. புரிவது வேறு, விடுவது வேறு.

ஜூன் மாதக் கணக்கு

14 முடிந்தால் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளும் என்பது தப்பு. 14 முதல் 18 வரை ‘வளரிளம் பருவத்தினர்’ என்று சட்டம் தனியாகச் சொல்கிறது, அவர்களையும் சுரங்கம், வெடி, ஆபத்தான தொழில்முறைகள் இவற்றில் வைக்கக் கூடாது. இளைஞர் நீதிச் சட்டத்துக்கு 18 வரை எல்லாரும் குழந்தைதான். கடனுக்குப் பிணையாக வைத்திருப்பது, கூலியைப் பிடித்துவைப்பது இரண்டும் அந்தச் சட்டத்தில் ஐந்து வருடம் வரை தண்டனைக்குரியவை, வயது 13 ஆனாலும் 17 ஆனாலும். ஐநாவின் குழந்தை உரிமை உடன்படிக்கையும் 18 என்றுதான் சொல்கிறது. 1989-இல் வந்தது, 1992 டிசம்பரில் இந்தியா ஏற்றது. ஆனாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: 14 முடிவதற்குள் நடவடிக்கை எடுத்தால் வழக்கு எளிது, ஏனென்றால் ‘இது ஆபத்தான வேலையா இல்லையா’ என்ற வாதத்துக்கே இடமில்லை. அதனால் ஜூன் வரை காத்திருக்காதீர்கள்.

1098-க்குச் சொன்னால் என்ன நடக்கும்

முதலில் உங்கள் பயம். பெற்றோருக்கு ஜெயிலா? குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் பெற்றோருக்குத் தனி நிலை இருக்கிறது, வேலைக்கு வைத்தவருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை, 20,000 முதல் 50,000 வரை அபராதம். பெற்றோரைப் பொதுவாகத் தண்டிப்பதில்லை, வணிக நோக்கத்தில் அனுமதித்தால் மட்டும் விதிவிலக்கு. உங்கள் அண்ணன் பணம் வாங்கியிருக்கிறார், அதனால் துளியும் ஆபத்தில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அதனால்தான் ஒரு யோசனை: புகாரை அண்ணனும் அண்ணியும் கொடுக்கட்டும். கொத்தடிமைச் சட்டத்தில் கடன் வாங்கியவர் பாதிக்கப்பட்டவர். அவர்களே முன்னால் வந்து ‘எங்கள் நிலைமையைப் பயன்படுத்தி இப்படி எழுதி வாங்கினார்கள்’ என்று சொல்வதற்கும், ரெய்டில் பையன் சிக்கி அப்புறம் இவர்களைக் கூப்பிட்டு விசாரிப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

எங்கே போவது? சேலம் அஸ்தம்பட்டியில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். போனில் கேட்க 15100. அங்கேயே கோட்டாட்சியருக்கு மனு எழுதிக் கொடுப்பார்கள் (ஆர்டிஓ என்றதும் லைசென்ஸ் ஆபீஸுக்குப் போய் நிற்காதீர்கள், இது வருவாய்த் துறை ஆர்டிஓ). விசாரித்து விடுவிப்புச் சான்று கொடுக்க வேண்டியவர் அவர். அந்தச் சான்று இருந்தால் மறுவாழ்வு உதவி உண்டு. 2016 திட்டப்படி குழந்தைகளுக்கு 2 லட்சம் என்று இருக்கிறது, ஆனால் அது வழக்கின் முடிவோடு கட்டிப் போடப்பட்டது, வர வருடங்கள் ஆகலாம். உடனடி உதவியாக 30,000 வரை கிடைக்கும். லட்சத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

1098 இருபத்து நாலு மணி நேரமும் எடுக்கும். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. மீட்ட பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். குழு ஐந்து பேர் கொண்டது, அவர்கள் போலீஸ் இல்லை. விசாரணை முடியும்வரை சில நாள் அவனை இல்லத்தில் வைக்கலாம். இதைக் கேட்டதும் அண்ணி அழுவார் என்று எனக்குத் தெரியும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இல்லத்தில் வைப்பது வேறு வழியே இல்லாதபோது செய்ய வேண்டியது என்று சட்டமே சொல்கிறது, பொருத்தமான வீடு இருந்தால் வீட்டுக்குத்தான் அனுப்ப வேண்டும். நீங்கள் போய் ‘நான் அத்தை, என் வீட்டில் வைத்துக்கொள்கிறேன், பள்ளிக்கு அனுப்புகிறேன்’ என்று எழுதிக் கொடுத்தால் அதற்கு எடை உண்டு.

மாமாவுக்குப் போன் பண்ணி ‘புகார் கொடுக்கப் போறோம், மரியாதையா அனுப்பிடு’ என்று சொல்லத் தோன்றும். வேண்டாம். அன்று மாலையே பையன் வேறு பட்டறைக்குப் போய்விடுவான். சொல்லாமல் செய்தால் அண்ணியின் பிறந்த வீட்டு உறவு முறியலாம், அந்த மாமாவே இடைத்தரகராக வழக்கில் வரலாம். இது நிஜமான விலை. அதை அண்ணியோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள், நான் முடிவெடுக்க முடியாது. அப்படிப் புகார் இல்லாமல் நீங்களே போய் அழைத்து வந்துவிட்டாலும் பிள்ளை கைக்கு வந்துவிடுவான், உண்மைதான். கடனும் பத்திரமும் அப்படியே இருக்கும்.

பள்ளிக்கூடம்

இது இருப்பதிலேயே எளிது. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கை மறுக்கக் கூடாது (14-ஆம் பிரிவு). வருடத்தின் நடுவில் வந்தான் என்று மறுக்கக் கூடாது (15). டிசி தாமதம் என்று சொல்லி மறுக்கவோ தள்ளிப் போடவோ கூடாது (5). இடையில் நின்றவனை அவன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும், அது முடிவதற்குள் 14 தாண்டினாலும் எட்டாவது முடியும்வரை இலவசக் கல்வி உண்டு (4). இவன் அதே பள்ளியில் படித்தவன், எமிஸ் எண் (கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்) இருக்கிறது, புதிதாக எதுவும் தேவையே இல்லை. இன்னொன்றும் தலைமையாசிரியரிடம் மெதுவாகக் கேளுங்கள், சண்டையாக வேண்டாம்: ஒரு பிள்ளை தகவல் இல்லாமல் தொடர்ந்து 30 நாள் வரவில்லை என்றால் அதற்கான அதிகாரிக்கு எழுத வேண்டும் என்று குழந்தைத் தொழிலாளர் விதிகள் சொல்கின்றன. எழுதினாரா? பெயரை எடுப்பது பதிவேட்டைச் சுத்தமாக்கும், பையனைக் கொண்டுவராது.

வளைவும் வண்டியும்

கிராம சபையில் உங்களைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு ஒரு பதில். கடிதத்தின் கடைசியில், ஊர் எல்லையில் அலங்கார வளைவு கட்டப் பேச்சு நடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகள் நடுநிலைப் பள்ளிக்கு எஸ்டேட் பாதையில் 4 கிலோமீட்டர் நடக்கிறார்கள், காலையில் மூடுபனியில் காட்டெருமை நின்றால் நடுவழியில் அரை மணி நேரம் காத்திருக்கிறார்கள். ‘அவனும் பாதி நாள் லேட்டு, லேட்டுன்னு திட்டு வாங்கி வாங்கித்தான் படிப்பு மேல வெறுத்துட்டான்’ என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். பட்டறைக்கான பாதை மரத்திலிருந்து அப்பா விழுந்த அன்று தொடங்கவில்லை, அந்த 4 கிலோமீட்டரில் தொடங்கியது.

கல்வி உரிமை விதிகளின்படி ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகள் 3 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். பள்ளி இல்லாத சிறு குடியிருப்புகளுக்கு இலவச வண்டி ஏற்பாடோ தங்கிப் படிக்கும் வசதியோ செய்ய வேண்டும். அதனால் நீங்கள் கேட்டது சலுகை இல்லை. ‘அது கல்வித் துறை வேலை’ என்றார்களாம். சரி, பாதி அப்படித்தான். அதனால் இரண்டு பக்கமும் தட்டுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதும் அதிகாரம் அந்தக் குழுவுக்குச் சட்டம் கொடுத்தது. டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு வர அல்ல. அடுத்த கூட்டத்தில் வண்டிப் படி கேட்டுத் தீர்மானம் போட்டு, எத்தனை பிள்ளைகள், எந்தக் குடியிருப்பு, எத்தனை கிலோமீட்டர் என்று எழுதி, வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். நகலில் சீல் வாங்குங்கள்.

அப்புறம் மார்ச் 22, அடுத்த கிராம சபை. ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்கு ஒன்றிய அரசு வைத்திருக்கும் ஒன்பது கருப்பொருள்களில் ஒன்று குழந்தை நேய ஊராட்சி. அந்தப் பெயரைச் சொல்லி, அதன் கீழ் உங்கள் கோரிக்கையைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் சிரிப்பார்கள், தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டால் சிரிப்பு நின்றுவிடும். வளைவு வேண்டாம், ரோடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேன் உள்ளே வர எந்தப் பாதையைச் சரி செய்ய வேண்டுமோ அதை முதலில் எழுதச் சொல்லுங்கள். அதுவும் ரோடுதானே?

பெரியவர் சொன்னதற்கு வருகிறேன். அவர் வயதைப் பார்த்தால் காமராஜர் காலத்துப் பள்ளிச் சோறு சாப்பிட்டிருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள். 1956-இல் மதிய உணவு தொடங்கியபோது இந்த மாநிலம் முன்னேறி முடித்து மிச்சப் பணத்தில் சோறு போடவில்லை. சோறு போட்டார்கள், பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள், அதற்கப்புறம்தான் நாம் இன்று முன்னேற்றம் என்று காட்டும் மற்றதெல்லாம் வந்தது. 1982-இல் சத்துணவு வந்தபோதும், 2022 செப்டம்பரில் காலை உணவு வந்தபோதும் கையில் காசு சேரட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. ஐநா உடன்படிக்கையின் 4-ஆம் உறுப்பு இதைத்தான் சட்ட மொழியில் சொல்கிறது: இருக்கிற வளத்தில் அதிகபட்சம் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. வளம் வந்த பிறகு என்று இல்லை, இருக்கிற வளத்தில். ஒன்றிய பட்ஜெட்டில்கூட 2008-09-லிருந்து குழந்தைகளுக்கான ஒதுக்கீட்டைத் தனிப் பட்டியலாகக் காட்டுகிறார்கள். உங்கள் ஊராட்சித் திட்டத்தில் அப்படி ஒரு பக்கம் எழுதினால் எத்தனை வரி வரும் என்று மட்டும் சபையில் கேளுங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று

நான்கு பக்கக் கடிதத்தில் அண்ணன் என்ன சொன்னார், அண்ணி என்ன சொன்னார், மாமா, ஹெச்எம், பெரியவர் எல்லாரும் என்ன சொன்னார்கள் என்று இருக்கிறது. பையன் சொன்னது என்று ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது: ஸ்பூன். அவனுக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டீர்களா? நல்லெண்ணத்துக்காகச் சொல்லவில்லை. குழந்தைகள் நலக் குழு எந்த முடிவு எடுத்தாலும் அவன் பேச்சைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும், அது சட்டம். அங்கே போய் முதல் முறையாக அவன் வாய் திறந்தால் பயத்தில் ‘மாமாகூடயே இருக்கேன்’ என்று சொல்லிவிடலாம், பட்டறையில் அப்படிச் சொல்லிக் கொடுத்தும் அனுப்புவார்கள்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பையனுக்காக நான் குழுவின் முன் நின்றேன். ‘படிக்கப் பிடிக்கலை, கைவேலைதான் பிடிக்குது’ என்று பட்டென்று சொன்னான். எனக்குத் தூக்கி வாரிப் போட்டது, மறுபடி பட்டறைக்கே போகக் கேட்கிறானோ என்று. குழுவில் இருந்த ஓர் அம்மா அவனை அதட்டாமல் விசாரித்ததில், அவனுக்குப் பிடித்தது வெல்டிங் என்று தெரிந்தது. எட்டாவது முடித்தால் ஐடிஐயில் சில பிரிவுகளில் சேரலாம். எட்டாவதை முடிக்க வைத்தார்கள், அப்புறம் ஐடிஐ போனான். உங்கள் பையனும் அப்படி ஏதாவது மனதில் வைத்திருக்கலாம். அல்லது அந்த 4 கிலோமீட்டர் இல்லாத, தங்கிப் படிக்கும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி வேண்டும் என்று சொல்லலாம். ஒன்றும் வேண்டாம், வீட்டுக்கு வந்தால் போதும் என்றும் சொல்லலாம்.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் பட்டறை லீவு, அப்போது மாமாவின் போனிலிருந்து கூப்பிடுவான் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஞாயிறு அண்ணி பேசி முடித்ததும் போனை வாங்குங்கள். பக்கத்தில் ஆள் இருப்பார்கள், அதனால் ஆமாம் இல்லை என்று மட்டும் பதில் சொல்கிற மாதிரி கேளுங்கள். ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறான், விரல் ஆறியதா, ஸ்கூல் புத்தகமெல்லாம் இன்னும் வீட்டிலேயே இருக்கட்டுமா என்று கேளுங்கள். அவன் சொன்னதைத் தேதி போட்டு அதே கோடு போட்ட பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள். பத்திரத்தின் போட்டோ, ஆஸ்பத்திரி பில், அண்ணனின் எக்ஸ்ரே, இந்தப் பேப்பர் நான்கையும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அண்ணியோடு இறங்கினால் பத்து மணிக்கு அஸ்தம்பட்டியில் இருக்கலாம்.